நான் முளைக்க வைத்த ஜின்கோ

இன்று திருப்பதி செடிக் கண்காட்சியில் என் ஜின்கோ மரத்தைப் பார்த்தேன்.

போன்சாய் செய்வதற்காகப் பத்து விதைகளை ஈர மணலில் புதைத்து, இரண்டு மாதம் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். முளைத்தது ஒன்றே ஒன்று. அதை மூன்று வருடம் வளர்த்தேன். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் ரேணிகுண்டாவுக்குக் குடிபோன அன்று, மொட்டை மாடியிலிருந்த அந்தத் தொட்டியும் காணாமல் போனது.

"எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று, போனில் கேட்டதற்கு அவர் கோபப்பட்டார்.

இன்று அதே மரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, நடுவரிடம் "விதை போட்டு நானே வளத்துக்கினு வரேன் சார்" என்றார்.

நான் முன்னால் போய் நின்றேன்.

"வேருக்கு அடியில இன்னா வச்சிருக்கீங்க?"

"மண்ணுதான்க்கா. வேற இன்னா?"

"சார், மரத்தைத் தொட்டியிலருந்து தூக்கிப் பாருங்க. வேர் பக்கவாட்டுல பரவணும்னு எவர்சில்வர் தட்டு ஒண்ணு வச்சேன். அதுல என் பேரு வெட்டியிருக்கும்."

நடுவர் தூக்கினார். எல்லோருக்கும் கேட்கும்படி என் பெயரைப் படித்தார். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கத்தான் ஒரு வருடம் காத்திருந்தேன் போலிருக்கிறது.

மரம் இப்போது என் மடியில், சித்தூர் பஸ்ஸில்.

"ஃபேஸ்புக்ல போட்டுடாதீங்கக்கா" என்று கண்காட்சி வாசல் வரை பின்னாலேயே வந்தார்.

அவர் பெயரை நான் எழுதவில்லை. கமெண்டில் நீங்கள் எழுதினால் அழிக்கவும் மாட்டேன்.