மிட்டாயா, சேட்டையா: பூம்புகார் முதல் பூதலூர் வரை அத்தானுடன்

இந்தப் பயணத்தைத் திட்டமிட்டது நானல்ல, என் அக்கா கல்யாணி. ஜனவரி மூன்றாம் வாரம் அமெரிக்காவிலிருந்து அவளும் அத்தானும் வருவது, மூவருமாகக் காவிரியோரம் இரண்டு நாள் சுற்றுவது, கடைசியாக நாங்கள் சிறுவயதில் இருந்த ஊருக்கு ஒரு நடை போய்வருவது என்று ஆகஸ்டிலேயே பேசி முடித்திருந்தோம். அக்டோபர் முதல் வாரத்தில் மாரடைப்பு வந்து அக்கா இறந்துபோனாள். வயது ஐம்பத்தெட்டு. ஜனவரியில் அத்தான் மட்டும் வந்து இறங்கினார். டிக்கெட்டை ரத்து செய்ய மனம் வரவில்லை என்றார்.

அவர் பெட்டியில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, சான்றிதழோடு கூடிய சிறிய மரப்பெட்டியில் அக்காவின் அஸ்தி. இன்னொன்று, தலையணை அளவுக்குப் பெரிய ஒரு சாக்லேட் பை.

பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்டோபர் கடைசி நாள் அங்கே ஹாலோவீன். பிள்ளைகள் பேய், பூதம் என்று வேஷம் கட்டிக்கொண்டு மாலையில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். வீட்டுக்காரர்கள் மிட்டாய் கொடுக்க வேண்டும். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. உண்டான ஒன்றும் ஏழாம் மாதத்தில் போயிற்று. அதன்பிறகு அவள் வருடம் முழுக்கக் காத்திருந்தது இந்த ஒரு மாலைக்காகத்தான். மற்ற வீடுகளில் சின்னச் சின்ன மிட்டாய் கொடுப்பார்கள். அக்கா முழு சாக்லேட்டாகக் கொடுப்பாள். கூம்புத் தொப்பி வைத்த சூனியக்காரியாக வாசலில் நின்று, பிள்ளைகளோடு எடுத்த படங்களை மறுநாள் எனக்கு அனுப்புவாள். ‘நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கும் ஒரு தடவை இப்படிக் குடுக்கணும்டீ’ என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த வருடத்துப் பையைச் செப்டம்பரிலேயே வாங்கி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் ரயில் ஏறினோம். விடியும் முன்பே மாயவரம், அதாவது மயிலாடுதுறை. தெரிந்தவர் மூலம் ஏற்பாடு செய்த கார் நிலைய வாசலில் நின்றது. இரண்டு நாளுக்கு டீசல், ஓட்டுநர் படி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐநூறு. ஓட்டுநர் செல்வராஜ் நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். எங்களுக்கு அது ஒத்துப்போனது.

பூம்புகார் அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். பொங்கல் கூட்டம் வடிந்திருந்தது. காவிரி கடலில் கலக்கும் இடத்தில் புரோகிதர்கள் காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறார்கள். பொருள்கள் அவர்களே கொண்டுவருவார்கள்; எங்களிடம் ஆயிரத்து ஐநூறு வாங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தது. ஆனாலும் கடலுக்குப் பக்கத்தில் அது ஆறு மாதிரி ஓடவில்லை, தயங்கி நின்றது. அத்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பெட்டியைக் கவிழ்த்தார். சாம்பல் உடனே போய்விடவில்லை. அவர் வேட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. புரோகிதர், “திரும்பிப் பார்க்காம ஏறி வந்துடுங்க” என்றார். அத்தான் அப்படியே ஏறி வந்தார். காலியான பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். செல்வராஜ்தான் அதை வாங்கித் துடைத்து, வண்டிக்குள் வைத்தார்.

அடுத்து தரங்கம்பாடி, இருபது கிலோமீட்டர். டேனிஷ் கோட்டையைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். வெயிலுக்கு முன் போனால் கடற்கரை மதிலில் உட்காரலாம். இதையெல்லாம் நான் தனியாகத்தான் பார்த்தேன். அத்தான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. திரும்பி வந்தபோது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. செல்வராஜ் வெளியே வேப்பமர நிழலில் நின்றார். “சாக்லேட்டு உருகிடும்னு சார் பயப்படுறாரும்மா, அதான் போட்டுட்டேன்” என்றார். உள்ளே அத்தான் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தார்.

தஞ்சாவூர் வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. வழி நெடுக இரண்டு பக்கமும் கதிர் சாய்ந்த வயல்கள். சில இடங்களில் அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது. புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினோம். இரண்டு அறைக்கு மூவாயிரத்து அறுநூறு, சுத்தமாக இருந்தது. ஞாயிறு காலை பெரிய கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், பத்து மணிக்குள் போய்விடுங்கள்.

சாப்பாடு முடிந்து பூதலூருக்குப் புறப்பட்டோம். இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து உள்ளே பிரியும் சாலையில் இன்னும் ஏழு கிலோமீட்டர் போனால் நாங்கள் இருந்த ஊர். பெயரை எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அதை விரும்பமாட்டார்கள் என்று நினைக்கிறேன், அதற்குக் காரணமும் இருக்கிறது.

எங்கள் அப்பா அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தார். அங்கிருந்து மாற்றலாகிக் கிளம்பியபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. வாடகைக்கு இருந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் உரக்கடை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். அத்தான் நேராக வாய்க்கால் ஓரம் போனார். சிமெண்ட் சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். மீதியில் ஏழெட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் பையைப் பிரித்து, பக்கத்தில் நின்ற சிறுமியிடம் ஒரு சாக்லேட்டை நீட்டினார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

“ஏய், கீழ போடு.”

நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெண் காலால் நெல்லை மிதித்துக்கொண்டே ஓடி வந்தாள். சிறுமியின் கையிலிருந்து சாக்லேட்டைப் பிடுங்கி வாய்க்காலில் வீசினாள். பிள்ளையை இழுத்துப் பின்னால் தள்ளிக்கொண்டாள். “யாருங்க நீங்க? எந்த ஊரு? புள்ளைங்களுக்கு என்னாத்த குடுக்குறீங்க?”

அத்தான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதுவே தப்பாகப் போயிற்று. டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். ஒரு இளைஞர் போனைத் தூக்கி வீடியோ பிடித்தார். “சாக்லேட்டுல மயக்க மருந்து வச்சுத் தூக்குறாங்கன்னு போன மாசம் வாட்ஸ்அப்புல வந்துச்சுல்ல, அந்தக் கூட்டந்தான்” என்றது ஒரு குரல். யாரோ அத்தானின் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

“அண்ணே, கைய எடுங்க” என்று செல்வராஜ் நடுவில் வந்து நின்றார். “நான் மாயவரத்துக்காரன். லைசென்ஸ் இருக்கு, வண்டி புக்கு இருக்கு. இந்தாங்க பாருங்க. வேணும்னா போலீசக் கூப்பிடுங்க, நாங்க ஓடிட மாட்டோம்.”

நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். எந்த வாத்தியார் என்று கேட்டார்கள். வருடத்தைச் சொன்னேன். யாருக்கும் நினைவில்லை. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். கடைசியில் போனைத் திறந்து அக்கா படத்தை அந்தப் பெண்ணிடம் காட்டினேன். கூம்புத் தொப்பியோடு அக்கா. அவளைச் சுற்றி எலும்புக்கூடும் புலியும் தேவதையுமாகப் பிள்ளைகள்.

“இது என்ன, கூத்து வேஷமா?” என்றாள். நான் ஹாலோவீனைப் பற்றிச் சொன்னேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இவங்க எங்க? வரலையா?”

அப்போதுதான் அத்தான் பேசினார். “இல்லம்மா. அக்டோபர்ல இறந்துட்டா. அவ போய் மூணு வாரத்துல அந்த நாள் வந்துச்சு. வாசல் விளக்கை அணைச்சா இந்த வீட்டுல மிட்டாய் இல்லைன்னு அர்த்தம், பிள்ளைங்க வராது. நான் அணைச்சுட்டுத்தான் படுத்தேன். இவ வீடாச்சேன்னு அப்படியும் வந்தாங்க. பெல்லு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இந்தப் பை பக்கத்துலதான் இருந்துச்சு. எந்திரிக்க முடியல. அவ எங்கன்னு கேட்டா அந்தக் குழந்தைங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல?”

எனக்கே அது தெரியாது. அன்று இரவு நான் போன் செய்தபோது, பிள்ளைகள் வந்து வாங்கிப் போனார்கள் என்றுதான் சொல்லியிருந்தார்.

காலரைப் பிடித்திருந்த கை எப்போது விலகியது என்று நான் கவனிக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நீங்க ஒண்ணு தின்னு காட்டுங்க” என்றாள்.

அவர் ஒன்றைப் பிரித்தார். பயணத்தில் உருகி இறுகியதில் சாக்லேட் வெளிறிப் போயிருந்தது. கடித்தார். மென்றுகொண்டே இருந்தார், விழுங்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கி வாய்க்குள் போனது. பாதி சாக்லேட்டை வைத்துக்கொண்டு நடுச்சாலையில் நின்று அழுதார். அக்கா போன செய்தியைப் போனில் சொன்னபோது அழாதவர், பூம்புகாரில் அழாதவர். அவள் அந்த மீதிப் பாதியை அவர் கையிலிருந்து வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“புள்ளைங்களுக்குக் குடுங்க” என்றாள். “சாவியக் குடுத்துரு மாமா” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாள்.

அவள் பெயர் தமிழரசி. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். சிறுமி அவள் மகள் யாழினி. சாக்லேட் வாய்க்காலில் போனதில் யாழினி கோபமாக இருந்தாள். “அங்க புள்ளைங்க எப்புடி வாங்கும்?” என்று அத்தானைக் கேட்டாள்.

“கதவைத் தட்டும். மிட்டாய் குடுக்கறியா, இல்ல சேட்டை பண்ணட்டுமான்னு கேக்கும்.”

பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு யாழினி அத்தானின் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காரில் உட்காரவைத்து, கதவைச் சாத்தினாள். எல்லாரும் வரிசையாக நின்றார்கள். கண்ணாடியில் தட்டினார்கள். “மிட்டாயா, சேட்டையா?” அத்தான் கண்ணாடியை இறக்கி, ஒன்று கொடுத்து, மறுபடி ஏற்றினார். அடுத்த பிள்ளை தட்டியது. செய்தி பரவி அடுத்த தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். ஒருவன் முகத்தில் வாய்க்கால் சேற்றைப் பூசிக்கொண்டு வந்தான். இரண்டாம் தடவை வந்தவர்களையும் அத்தான் திருப்பி அனுப்பவில்லை. பை தீரும்வரை அந்தக் கண்ணாடி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

நான் உரக்கடைப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். அக்கா பார்த்திருக்க வேண்டியது. அவள் இருந்திருந்தால் அந்தச் சேற்று முகத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுத்திருப்பாள். நான் படம் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை என்று சொல்லமாட்டேன். கை வரவில்லை.

கிளம்பும்போது தமிழரசி வண்டி அருகே வந்தாள். “மனசுல வச்சுக்காதீங்கய்யா. ஆனா நாளைக்கு வேற யாராவது வந்து நீட்டுனாலும் நான் தூக்கித்தான் எறிவேன்.”

“எறியணும்மா” என்றார் அத்தான்.

அன்று இரவே தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு ரயில். இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அஸ்தி கரைக்க வருபவர்கள் மாற்று உடையோடு காலிப் பெட்டியைப் போட ஒரு துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவுக்கு ஜனவரி நல்ல மாதம். பொங்கல் விடுமுறையைத் தவிர்த்தால் அறையும் கிடைக்கும், வெயிலும் கடுமையாக இருக்காது. உள்ளூர்ச் சாலைகளில் நெல் காயும், வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். எந்த ஊரிலும் பிள்ளைகளுக்கு எதையாவது கொடுக்க ஆசை வந்தால், முதலில் பெரியவர்களிடம் போய் நீங்கள் யாரென்று சொல்லுங்கள். பிள்ளைகளிடம் நேரே கையை நீட்டாதீர்கள். நாங்கள் தப்பியது அந்தப் பெண் நின்று கேட்டதால் மட்டும்தான். கேட்காமல் அடித்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அத்தான் திரும்பிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறார். சமையல் எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்கிறார். அக்காவின் துணிகளை இன்னும் எடுக்கவில்லை. போன வாரம், வீட்டை விற்றுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு ஆள் இருக்க முடியவில்லை என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

“எப்போ அத்தான்?” என்று கேட்டேன்.

“அக்டோபர் போகட்டும் சுமதி” என்றார்.