என் பிள்ளை விழுங்கிய ஊக்கு

எண்பத்தொன்றாம் வருஷம் முழுப்பரீட்சை லீவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் இரண்டு வயது மகள் உமா திறந்த ஊக்கு ஒன்றை விழுங்கிவிட்டாள். அந்த ஐந்து நாட்களில் நான் பட்ட பாட்டையும், படவேட்டு அம்மன் எங்களுக்குச் செய்ததையும் அவளை நம்பும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். வெட்கம் தடுத்தது. இப்போது சொல்கிறேன்.

நாங்கள் ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பம். வீட்டுக்குள்ளேயே தறி. லீவு விட்டால் மூன்று பிள்ளைகளும் காலடியில்தான். நடுவிலவன் குமார் தறிக்குழியில் காலை விடுவான். சின்னவள் தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூலைப் பிடித்து இழுப்பாள். ஓர் இழை அறுந்தாலும் என் கணவர் கத்துவார்.

அன்று ஒரு கல்யாணச் சேலையைச் சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். அவர் தறியில் இருந்தார். நான் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். மூத்தவள், ஒன்பது வயது செல்விதான் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பிள்ளைகள் பாண்டி ஆடக் கூப்பிட்டார்கள்.

“அஞ்சே நிமிஷம்மா, வந்துடறேன்” என்றாள்.

“சரி, போ” என்றேன். நான்தான் சொன்னேன்.

அவள் போனதும் உமா அழ ஆரம்பித்தாள். ராட்டையைப் பிடித்து ஆட்டினாள். அவள் வாயை மூடினால் போதும் என்று, என் தாலிச் சரட்டில் மாட்டியிருந்த நான்கு ஊக்குகளைக் கொத்தாகக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள். நான் நூலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

திடீரென்று இருமல். திரும்பினால், குழந்தையின் கண் பிதுங்கி வாயில் எச்சில் ஒழுகியது. விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. கொத்து கழன்று, தரையில் மூன்று ஊக்குகள்தான் கிடந்தன.

என் கணவர் குழியிலிருந்து எகிறிக் குதித்து வந்தார். “இன்னா ஆச்சு? ஊக்கு எப்படி இவ கைக்கு வந்துச்சு?”

அந்த நொடியில் என் நாக்கு புரண்டது. “கீழ கெடந்திருக்கும். செல்வியப் பாத்துக்கச் சொன்னேன். அவ ஆடிகினு இருக்கா.”

சத்தம் கேட்டு ஓடிவந்த செல்வியின் கன்னத்தில் அவர் பளாரென்று ஓர் அறை விட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

வேலூருக்குப் பஸ் ஏறினோம். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் என் வயிற்றில்தான் ஊசி குத்தியது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்புப் படத்தில் ஊக்கு வெள்ளையாக, வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தது.

“தொண்டையில நிக்காம வயித்துக்குப் போயிடுச்சு. அதுவே நல்லது. தானா வெளிய வருதான்னு பாப்போம்” என்றார் டாக்டரம்மா. “ஜுரமோ, வயித்து வலியோ, வாந்தியில ரத்தமோ வந்தா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க, உடனே தூக்கிகிட்டு வாங்க.”

அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை. வாழைப்பழமும் குழைந்த சாதமும் ஊட்டினேன். பழைய காகிதம் விரித்து உட்காரவைத்து, ஒவ்வொரு முறையும் குச்சியால் கிளறிப் பார்ப்பேன். அருவருப்பே தோன்றவில்லை. எதுவும் இருக்காது. குழந்தை சிணுங்கினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சிரித்தாலும் தொட்டுப் பார்ப்பேன். “பாப்பா செத்துடுவாளாம்மா?” என்று குமார் கேட்டான். வாயிலேயே அடித்துவிட்டேன்.

படவேட்டு அம்மனுக்கு மொட்டை வேண்டினேன். மஞ்சள் புடவை வேண்டினேன். ஒருவேளைதான் சாப்பிட்டேன். எதை வேண்டினாலும் அம்மன் படத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி படம் எடுத்தார்கள். ஊக்கு அதே இடத்தில் இருந்தது. “நாளைக்கு ஒரு நாள் பாப்போம். வரலைன்னா ஞாயித்துக்கிழமை காலையில சேத்துடுங்க. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்” என்றார் டாக்டரம்மா.

மத்தியானம் வீடு திரும்பினோம். நான் உள்ளே நுழையும்போது சாமி மாடத்தின் முன்னால் செல்வி நின்றிருந்தாள். என்னைக் கவனிக்கவில்லை.

“அம்மா தாயே, நான் சொன்ன மாதிரி அஞ்சு நிமிஷத்துல வந்திருந்தா பாப்பா முழுங்கியிருக்க மாட்டா. அப்பா அடிச்சது சரிதான். பாப்பாவ மட்டும் காப்பாத்து. நான் இனிமே ஆடவே போவ மாட்டேன்.”

கணவரைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஆடப் போகச் சொன்னது நான். ஊக்கைக் கொடுத்தது நான். பொய் சொன்னதும் நான்.

அவர் என்னைத் திட்டவில்லை. செல்வியின் கன்னத்தைத் தடவி, “ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டார்.

“அம்மாவ அடிப்பீங்கன்னு” என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு அம்மன் முன்னால் விழுந்தேன். அப்போது எந்த நேர்த்திக்கடனும் சொல்லவில்லை. “தாயே, தப்பு என்னுது. கேக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. இந்தப் பொண்ணு கேட்டதக் குடு” என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகப் பையில் துணி எடுத்து வைத்தேன். மத்தியானமும் இல்லை. நான்கு மணி வாக்கில் உமா முக்கினாள். காகிதத்தில் உட்காரவைத்தேன். குச்சியில் ஏதோ தட்டுப்பட்டது. கறுத்துப்போய், திறந்தபடியே, அந்த ஊக்கு! ஒரு துளி ரத்தம்கூட இல்லை. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. என் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விசித்து விசித்து அழுதார். மறுநாள் டாக்டரம்மா படம் பார்த்து, “வயிறு சுத்தமா இருக்கு” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தவாசல் வழியாகப் படவேடு போய் வேண்டுதலை முடித்தோம். இந்த மாதிரி ஊக்கு தானாகவும் வந்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததை வெளியே எடுத்தது யார்? அது தானாக வந்திருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு எத்தனையோ லீவு வந்து போய்விட்டது. பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மத்தியானம் இரண்டு மணி நேரம் ராட்டையைத் தொட மாட்டேன். அவர்களோடு உட்கார்ந்துவிடுவேன். தப்பு செய்தால் அவர்களிடமே ஒப்புக்கொள்வேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் கலக்கம் வரும். அப்போது அம்மனிடம் போங்கள். என்ன கொடுப்பேன் என்று கணக்குப் போடாதீர்கள். உள்ளதை உள்ளபடி அவளிடம் சொல்லிவிடுங்கள். பொய் சொன்ன என்னையே தள்ளாதவள், உங்களையா தள்ளுவாள்?