வட்டிக்குக் கை தூக்கியவருக்குப் பரிவட்டம்

என்னைவிடப் பெரிய முட்டாள் மாத்தளையில் இருந்தால் அவருக்கு நானே மாலை போடுவேன். தேர்தல் நேரத்தில் இரத்தோட்டையிலிருந்து பலாபத்வல வரை வேனில் மைக் பிடித்து, "பிள்ளைகளின் படிப்புக் கடனுக்கு வட்டியைக் குறைப்பார்" என்று எங்கள் எம்.பி.க்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். கூலி, ஒரு சோற்றுப் பார்சல்.

அந்த வட்டியை உயர்த்துவது பற்றிப் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தபோது மகளோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆள் எழுந்து, "வசதி இல்லாதவர்களுக்குப் பட்டம் எதற்கு?" என்று கேட்டார். பிறகு உயர்த்தும் பக்கம் கை தூக்கினார்; வட்டி கூடிவிட்டது. கடன் வாங்கிக் கண்டியில் படிக்கும் மகள் டிவியை அணைத்தாள். இனித் தவணையும் கூடும்; கட்ட முடியாவிட்டால் அவள் படிப்பு பாதியில் நின்றுவிடும்.

பழிவாங்க என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் மைக். கோயில் தேருக்கு அறிவிப்பாளன் நான்தான். தேர்த் திருவிழா அன்று வடம் தொட எம்.பி. வந்தார். கோயில் மரியாதையாகத் தலையில் பரிவட்டம் கட்டியபின் வடத்தைத் தொடாமல் நகர முடியாது. ஐயர் முடிச்சுப் போடும்வரை காத்திருந்து, தேனாகக் குழைந்தேன்.

"படிக்கிற பிள்ளைங்களுக்கு வட்டியக் கூட்டக் கை தூக்கின நம்ம எம்.பி. ஐயா, இப்ப அதே கையால வடம் புடிப்பாங்க! வசதி இல்லாதவங்க ஒதுங்கி நில்லுங்க, ஐயாவுக்குப் புடிக்காது!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அவர் முகம் நெற்றிக் குங்குமத்தைவிடச் சிவந்தது. வடத்தை விட்டு ஓடவும் முடியவில்லை. தேர் முடிந்ததும் நான் வீட்டுக்கு ஓடி, எல்லாவற்றையும் மகளிடம் நடித்துக் காட்டி, "எப்படி நம்ம அடி?" என்றேன்.

"கூட்டின வட்டி அப்படியேதான்பா இருக்கு."