ரோசரியின் மூக்கும் அர்ச்சுனனின் காலும்

ரோசரியின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பார்வைக்குச் சாதாரண மூக்குதான். ஆனால் எவன் கட்டிலுக்கடியில் கருவாட்டுப் பொட்டலத்தை ஒளித்து வைத்திருக்கிறான், எந்தக் கட்டுக்குள் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது என்பதெல்லாம் வார்டு வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

மலேசியாவில் காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிய ஆம்புரோஸின் மூத்த மகள் அவள். பள்ளிக்கூடம் விட்டதும் ஒட்டுப்பால் உரிக்கப் போய்விடுவாள். மரத்தின் வெட்டுக் கோட்டில் காய்ந்து நாடாவாக ஒட்டியிருக்கும் ரப்பரை அறாமல் இழுத்துக் கூடையில் போடும் வேலை. அந்த நாற்றம் தலைமுடியில் ஏறினால் எத்தனை சவர்க்காரம் போட்டாலும் இறங்காது. கான்வென்டில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். டெட்டால் வாசத்துக்கு ஆசைப்பட்டுத்தான் தாதி வேலைக்கு வந்தேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

1976இல் அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஈப்போவை ஒட்டி, சில தோட்டங்கள் சேர்ந்து நடத்திய கூட்டு மருத்துவமனையில் உதவித் தாதி. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் முழங்கை வரை கழுவுவாள். “மிஸ்ஸிக்குக் கை கழுவுற சீக்கு” என்று நோயாளிகள் கேலி செய்வார்கள். அவளும் விடமாட்டாள். “என் கைக்கு இல்லண்ணே, உங்க புண்ணுக்குத்தான் சீக்கு” என்பாள்.

அந்த மே மாதத்து வெள்ளிக்கிழமை, அர்ச்சுனன் என்ற பால்வெட்டுக்காரரைக் கொண்டுவந்து போட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் பால் வெட்டும் உளி தவறி முழங்காலுக்குக் கீழே வெட்டு. இப்போது கால் வீங்கி, காயத்தின் மேல் கருந்தோல் படர்ந்து, காய்ச்சல் அனலாக அடித்தது. டாக்டர் சதாசிவம் வாசலில் நின்றபடியே முகம் சுளித்தார். ஈப்போ டவுனில் பிறந்தவர்; பால் மரத்தைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார். சதை செத்துவிட்டது, நாளைக்கே முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார். அர்ச்சுனன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒற்றைக் காலோடு போனால் தோட்டத்தில் வெட்ட மரம் யார் கொடுப்பார்கள்? வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அவர் மனைவி கருப்பம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அறுவைக்குக் காலைச் சுத்தம் செய்யும் வேலை ரோசரிக்கு விழுந்தது. வார்டே மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, இவள் மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். சீழ் நாற்றம், சரி. ஆனால் அதற்கு மேலே இன்னொன்று. சின்ன வயதில் அவள் தலைமுடியில் ஏறிய அதே நாற்றம். இடுக்கியால் கருந்தோலின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். நீண்டது. விட்டாள். சடக்கென்று சுருங்கியது.

செத்த தோல் இழுத்தால் நீளுமா?

“அண்ணே, காயத்து மேல என்ன போட்டீங்க?”

“மரத்துப் பால்தான் மிஸ்ஸி. வெட்டுப் பட்ட அன்னிக்கே ஊத்துனேன். தெனமும் ஊத்துனேன். மேல கொஞ்சம் புகையிலை, அடுப்புக் கரி. எல்லாரும் அதானே செய்றோம்?”

வராந்தாவில் தாதிகள் ஓடக்கூடாது என்பது அங்கே சட்டம். ரோசரி ஓடினாள். டாக்டர் காரில் ஏறப்போகும்போது மறித்தாள்.

“டாக்டர், அது தோலு இல்ல, ரப்பர். உள்ள கால் செத்துச்சா இல்லையான்னு இன்னும் யாரும் பாக்கல.”

நல்ல வேளை, அந்த மனிதருக்குக் கோபத்தைவிட ஆர்வம் அதிகம். திரும்பி வந்தார். கொதிக்கவைத்த கத்தரி, ஓரங்களில் பாரபின் எண்ணெய். மற்றதை ரோசரியின் விரல்கள் பார்த்துக்கொண்டன. அவசரப்பட்டால் அறும், மெதுவாக ஒரே சீராக இழுக்க வேண்டும். கரிய படலம் முடியோடு உரிந்து வந்தது. அடியில் அடைபட்டுக் கிடந்த சீழ் குபுக்கென்று பாய்ந்தது. டாக்டர் கால்விரல் நகத்தை அழுத்திப் பிடித்து விரலை எடுத்தார். வெளுத்த நகம் மெல்லச் சிவந்தது.

“ரத்த ஓட்டம் இருக்கு,” என்றார். “ஆனா உள்ள ரொம்பக் கெட்டிருக்கு. அஞ்சு நாள் பாப்போம். சிவப்புச் சதை வரலைன்னா எடுத்துத்தான் ஆகணும். விஷம் ஒடம்புல ஏறுனா அதுக்கு முன்னாடியே.”

அன்றே கெட்ட சதையை வெட்டியெடுத்தார்கள். பிறகு ரோசரியின் ராஜ்யம். குழிக்குள் உப்புநீர்த் துணியைத் தளர்வாக வைத்துக் கட்டுவாள். புண்ணின் வாய் மூடாமல் அடியிலிருந்து ஆறி வரவேண்டும். பக்கத்துக் கட்டிலில் குடலிறக்க அறுவை முடிந்த பத்துமலைக்குச் சுத்தமான தையல் என்பதால் அவருக்கு முதலில் கட்டு மாற்றி, அர்ச்சுனனைக் கடைசியில்தான் தொடுவாள். கழற்றிய துணி நேரே நெருப்புக்கு. வேலை இல்லாத நாளிலும் வந்து நின்றாள். இரண்டாம் நாள் குழி சாம்பல் நிறமாகவே இருந்தது.

மூன்றாம் நாள் அவள் கை கழுவித் திரும்பும்போது, கருப்பம்மாள் கூடையிலிருந்து ஒரு சீசாவை எடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாய், புதுப் பால்.

“அக்கா, கீழ வைங்க.”

“புண்ணைக் குழியாத் தொறந்து வச்சிருக்கீங்களே, காத்துப் பூந்துறாதா? மரத்த வெட்டுனா அதே பால் வந்துதானே மூடிக்கிது?”

ரோசரிக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. கேள்வியில் தப்பில்லை.

“மரத்துக்குச் சீழ் வைக்காதுக்கா. மனுசனுக்கு வைக்கும். நீங்க மூடுனது வெளிய இருந்து வர்ற காத்த இல்ல, உள்ள இருந்த அழுக்க. இப்ப அவரு நெத்தியத் தொட்டுப் பாருங்க.”

கருப்பம்மாள் தொட்டாள். வெள்ளிக்கிழமை சுட்ட நெற்றி இப்போது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சீசாவை நீட்டினாள்.

ஐந்தாம் நாள் டாக்டர் பத்து மணிக்கு வரவேண்டியவர் பன்னிரண்டுக்கு வந்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் ரோசரி எத்தனை முறை கை கழுவினாள் என்று கணக்கில்லை. கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் குனிந்து, துணி முனையால் குழியின் அடியை லேசாக ஒற்றினார். ஒற்றிய இடத்தில் ஊசி முனை அளவில் சிவப்பாக ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பொலபொலவென்று.

“அலாமா, ரத்தம் வருது மிஸ்ஸி,” என்று அர்ச்சுனன் பதறி எழுந்தார்.

“வரட்டும்லா அண்ணே,” என்றாள் ரோசரி. “செத்த சதையில ரத்தம் வராது.”

டாக்டர் நிமிர்ந்து, “கால் இருக்கட்டும்,” என்றார். அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கருப்பம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ரோசரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே புதுத் துணியை நனைத்தாள்.

ஐந்து நாளாக அந்தக் காலைத் திரும்பிப் பார்க்காத அர்ச்சுனன், இப்போது தலையணையில் முதுகைச் சாய்த்து அதையே பார்த்தார். பெருவிரலை மெல்ல அசைத்தார். அசைந்தது. இன்னொரு முறை அசைத்தார். கட்டுப் போட முடியவில்லை, கொஞ்சம் சும்மா இருங்கள் என்று ரோசரி எத்தனை தடவை சொல்லியும் அவர் கேட்கவில்லை.