ஜன்னல் வழியா ஒரு துண்டு

எங்க ஊர்ல ஏ.ஐ. பத்திக் கருத்து இல்லாத ஆளே கெடையாது. சென்னையில என் வேலை போயி, மூட்டை முடிச்சோட அரியலூர் பக்கத்துல எங்க ஊர்ல வந்து எறங்கின அன்னிக்கே, டீக்கடைக்காரர் "மெஷினு வந்து ஒன் வேலையத் தூக்கிருச்சாம்ல?"ன்னு துக்கம் விசாரிச்சாரு. விசாரிச்ச கையோட, அதே மெஷின்கிட்டதான் தெனமும் ராசிபலன் கேக்கறதா பெருமை வேற. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

நாலு மாசம் கழிச்சு வீட்லேர்ந்தே பாக்கற மாதிரி ஒரு வேலை கெடச்சுது. பஸ் டிக்கெட் புக் பண்ற ஆப்-க்கு கோடு எழுதணும். ஆறு மாசம் பாத்துட்டுத்தான் நிரந்தரம்னாங்க. அஞ்சு மாசம் நல்லாத்தான் போச்சு. அப்பறம் ஒரு கோளாறு: எப்பவாவது ஒரே சீட்ட ரெண்டு பேருக்குக் குடுத்துருது. மேனேஜர் நேராவே சொல்லிட்டாரு. "மாசக் கடைசிக்குள்ள இத சரி பண்ணுங்க. இல்லன்னா நிரந்தரம் பண்றது கஷ்டம்." இன்னொரு தடவை டீக்கடையில துக்கம் விசாரிச்சா தாங்கற தெம்பு எனக்கு இல்ல.

இந்த நேரம் பாத்து அம்மா ஒரு குண்டத் தூக்கிப் போட்டுச்சு. எனக்கு வேலை கெடச்சா முதல் வெளைச்சலக் கொண்டாந்து வைக்கறேன்னு கல்லங்குறிச்சி பெருமாளுக்கு வேண்டிக்கிட்டிருக்காம். அங்க அப்படித்தான். நெல்லு போட்டவங்க நெல்லு கொண்டு போவாங்க, மாடு வச்சிருக்கவங்க கன்னுக்குட்டிய ஓட்டிட்டுப் போவாங்க.

"நான் என்னத்தம்மா வெளைய வைக்கறேன்?"

"நாள் முச்சூடும் அதுல என்னமோ தட்டறியே, அதக் கொண்டா."

"அத நான் எழுதலம்மா. நான் சொல்றேன், ஏ.ஐ. எழுதுது."

"கூலிக்கு ஆள் விட்டு அறுத்தா நெல்லு நம்மளது இல்லன்னு ஆயிருமா?"

"நெலமே நம்மளது இல்ல. கம்பெனியோடது. வெளிய காட்ட மாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கேன்."

"அப்ப குத்தகை. குத்தகைக்காரன் காணிக்கை வைக்கறதில்லையா? பெருமாள் யாருகிட்டப் போயி சொல்லப் போறாரு?"

இதுக்கு எந்த வக்கீல் பதில் சொல்லுவான்? கம்பெனி பேரு வர்ற எடத்தையெல்லாம் எடுத்துட்டு, சீட்டு குடுக்கற பகுதிய மட்டும் பிரிண்ட் எடுத்தேன். பதினோரு பக்கம். ஜெராக்ஸ் கடைக்காரர் புரட்டிப் பாத்து மொகத்த சுளிச்சாரு. "எதுக்கும்மா வரிக்கு வரி இம்புட்டு எடம் விட்டு எழுதியிருக்க? நெருக்கி எழுதுனா நாலு பக்கத்துல முடிஞ்சிரும்." கோடு எழுதறவங்க இந்த இடைவெளிய வச்சு வருஷக்கணக்கா சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம். அவரு நின்ன எடத்துலயே தீர்ப்பு சொல்லிட்டாரு.

வீட்டுக்கு வந்தா அம்மா அடுத்த கேள்விய வச்சிருந்துச்சு. "இதுல என்ன எழுதியிருக்கு? என்னன்னு தெரியாதத சாமி முன்னாடி வைக்க முடியாது. படி."

இங்கதான் நான் மாட்டுனேன். எனக்கே தெரியாது. ஒரு ஏ.ஐ. எழுதுச்சு, இன்னொரு ஏ.ஐ. சரி பாத்துச்சு, நான் ஓகே அமுத்துனேன். வரிக்கு வரி படிச்சுப் பாக்காம எதையும் அனுப்பக்கூடாதுன்னு சென்னையில ஜூனியருங்களுக்குக் கிளாஸ் எடுத்தவ நான். வெக்கமாத்தான் இருந்துச்சு.

அம்மா கடலைக்காய உரிச்சுக்கிட்டே கேட்டுச்சு. நான் ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னேன். "ஒருத்தர் வராரு. சீட்டு காலியான்னு பாக்கறாரு. காலி. அப்பறம் பேரு, வயசு எல்லாம் குடுக்கறாரு. பணம் கட்டறாரு. அதுக்கப்பறம் அந்த சீட்டு அவருதுன்னு எழுதிக்குது."

அம்மா உரிக்கறத நிறுத்திருச்சு. "காலின்னு பாத்ததும் துண்டு போடலயா?"

"என்ன துண்டு?"

"பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல அரும்பாவூர் பஸ்ஸுக்கு என்கூட எத்தன தடவ ஏறியிருக்க? ஜன்னல் வழியா எட்டிப் பாப்போம். காலியா இருந்தா மொதல்ல துண்டப் போடுவோம். அப்பறம்தான் சுத்தி வந்து படியேறுவோம். வெறுங்கையோட சுத்தி வந்தா அதுக்குள்ள எவளாவது உக்காந்திருப்பா. இந்தப் புத்தி கூடவா அதுக்கு இல்ல?"

எனக்குப் பொளேர்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. மூணு வாரமா நானும், ரெண்டு ஏ.ஐ.யும், பெங்களூர் ஆபீஸ்ல ரெண்டு சீனியரும் தேடுன கோளாறு அதுதான். காலியான்னு பாக்கறதுக்கும் வந்து உக்கார்றதுக்கும் நடுவுல துண்டு போட யாருக்கும் தோணல.

அன்னிக்கு ஏ.ஐ.யக் கூப்புடல. பாக்கறதும் பிடிச்சு வைக்கறதும் ஒரே வீச்சுல நடக்கற மாதிரி ஏழு வரி நானே எழுதுனேன். ரொம்ப நேரம் ஆள் வரலன்னா துண்ட எடுத்துக் கீழ போட்டுரலாம்னு அம்மா ஒரு சட்டம் சொல்லுச்சு, அதையும் சேத்தேன். அந்தப் பகுதிக்குத் துண்டுன்னே பேரு வச்சேன். அடுத்த மீட்டிங்ல மேனேஜர் "துண்டு போட்டாச்சா?"ன்னு ரொம்ப சீரியஸா கேட்டாரு. சீனியருங்க ரெண்டு பேரும் அதே சீரியஸோட தலையாட்டுனாங்க.

மாசக் கடைசியில வேலை நிரந்தரம்னு மெயில் வந்துச்சு. அந்த சனிக்கிழமையே, புதுசா எடுத்த பிரிண்டோட கோயிலுக்குப் போனோம். மொத்தக் கட்டையும் வைக்கப் போனப்ப அம்மா கையப் பிடிச்சிருச்சு.

"இதுல ஒன் கையால வெளஞ்சது எது?"

"ஏழு வரிம்மா. துண்டு மட்டும்தான்."

"அப்ப அத மட்டும் வையி."

கூலி ஆளு அறுத்தாலும் நம்ம நெல்லுன்னு சொன்ன அதே அம்மாதான். கேட்டா, "அன்னிக்கு ஒன்கிட்ட வேற ஒண்ணும் இல்லியே"ன்னுச்சு.

அந்த ஒரு பக்கத்த, யாரோ கொண்டாந்து வச்சிருந்த நெல்லு மூட்டைக்குப் பக்கத்துல வச்சிட்டுக் கும்பிட்டேன். அந்த ஏழு வரியும் கூட அம்மா சொன்னதுதானேன்னு அப்பதான் ஒறச்சுது. வெளிய வந்ததும் அத சொல்லிரணும்னு திரும்புனா, ஆளக் காணோம்.

அரியலூர் பஸ் வந்துருச்சு. கூட்டத்துக்கு நடுவுல ஜன்னல் வழியா துண்டப் போட்டுட்டு அம்மா படியேறிக்கிட்டு இருந்துச்சு. நான் கடைசி ஆளா ஏறுனேன். நிக்கவே எடம் இல்ல. அம்மாவும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. பக்கத்து சீட்டுல துண்டு மட்டும் கெடந்துச்சு.

"ஒனக்குத்தான் போட்டேன். உக்காரு."