ஒற்றை விரலுக்கு ஒரு கம்ப்யூட்டர்

ஸ்பீக்கர் பழுது பார்க்கும் மெக்கானிக்கின் மனைவி, நன்றாக இருந்த காலத்தில் வாய் ஓயாதவள். கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசேன் என்று அவர் கும்பிடாத நாளில்லை. பாழாய்ப்போன நரம்பு நோய் முதலில் பிடுங்கிக்கொண்டது அந்த வாயைத்தான். பிறகு கால், கை. போனால் போகிறதென்று விட்டுவைத்தது வலக்கை ஆள்காட்டி விரலையும், 'ஆமாம்' சொல்ல மூடித் திறக்கும் கண்களையும்தான்.

இப்போது சாப்பாடும் நின்றுவிட்டது. கரண்டி உதட்டில் பட்டாலே முகத்தைச் சுளித்தாள். தொண்டை செயலிழக்கிறது, திங்கட்கிழமை வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம் என்றார் டாக்டர். மெக்கானிக் அவளருகே போய் உட்கார்ந்தார். பிடிக்கவில்லையா, என் மேல் கோபமா, வாழவே வெறுத்துவிட்டதா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். அவள் கண்கள் எதற்கும் மூடவில்லை.

கடைசி நம்பிக்கை, வெளியூரில் இருக்கும் மகள் அனுப்பியிருந்த சின்னக் கம்ப்யூட்டர். உள்ளங்கையில் அடங்கும் ஒற்றை மின்சுற்றுப் பலகை. அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருளை ஒரு மெமரி கார்டில் ஏற்றிச் செருகினால், திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது விரலால் பட்டனை அழுத்த வேண்டும். சேர்ந்த எழுத்துகளை அது வாய்விட்டுப் படிக்கும். மகள் போனில் சொல்லச் சொல்ல அவரே எல்லாம் செய்தார். பழைய மவுஸைப் பிரித்துப் பட்டனும் வைத்தார்.

பலகை உயிர் பெற்றது. ஆனால் குரல் கிளம்பும் நேரம் பார்த்துப் பொசுக்கென்று அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கார்டை மாற்றினார். லினக்ஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். அதே கதை. சனிக்கிழமை மதியம் மனிதர் தலையில் அடித்துக்கொண்டு அழுதே விட்டார். கட்டிலில் இருந்தவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

மகள் வீடியோவில் வந்து திரையைக் காட்டச் சொன்னாள். மூலையில் மஞ்சள் மின்னல் படம் ஒன்று தோன்றித் தோன்றி மறைந்தது.

"அது என்னப்பா?"

"அது கம்பெனி முத்திரைம்மா. எப்பவும் வரும் போகும்."

"அய்யோ அப்பா, கரண்ட் பத்தலன்னு அது கத்துது. எந்த சார்ஜர் போட்டிருக்கீங்க?"

சாக்கு நிறையப் பழைய சார்ஜர் கிடக்கும்போது எந்த மெக்கானிக் புதிது வாங்குவான்? ஏதோ போனுக்கு வந்ததை, ஒட்டுப்போட்ட வயரோடு மாட்டியிருந்தார். ஊரார் ஸ்பீக்கர் கரகரத்தால் முதலில் கரண்டைச் சோதிக்கிற மனிதர்! தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினார்.

புது சார்ஜரில் பலகை அசராமல் நின்றது. பட்டனை அவள் விரலுக்கடியில் வைத்தார்.

"என்ன வேணா சொல்லு. போதும், என்னை விட்டுடுன்னு சொன்னாலும் கேட்டுக்கறேன்."

விரல் தவறியது, அழித்தது, மீண்டும் அழுத்தியது. திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவர் சுவரைப் பார்த்து நின்றார். வெகு நேரம் கழித்து, ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத கட்டைக் குரல் ஒன்று அறையில் கேட்டது.

"பல் வலி."

டார்ச்சை எடுத்து வந்து அவள் வாயைத் திறந்து பார்த்தார். கடவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கியிருந்தது. உலகத்திலுள்ள கேள்வியெல்லாம் கேட்டவர், இதை மட்டும் கேட்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார்.

விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

"பசிக்குது," என்றது குரல்.