முழங்காலுக்குப் போன கோன்யாக்

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கிரீன் கார்டு வந்த அன்று மாப்பிள்ளை ஒரு பாட்டில் வாங்கி வந்தார். மில்பிடாஸ் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டைக் காலி பண்ணி அதை மட்டும் தனியாக வைத்தார். எனக்குத் தெரிந்தவரை அது பிராந்தி. அப்படியே சொல்லிவிட்டேன்.

"பிராந்திதான் அத்தை. ஆனா எல்லா பிராந்தியும் கோன்யாக் ஆகிடாது" என்று உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். பிரான்சில் கோன்யாக் என்ற ஊர்ப் பக்கம் விளையும் வெள்ளைத் திராட்சையில்தான் செய்வார்களாம். புளித்த சாற்றைச் செம்புக் கொப்பரையில் இரண்டு தடவை காய்ச்சி ஆவியைப் பிடிப்பார்களாம். பிறகு ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி இருட்டறையில் விட்டுவிடுவார்கள். இது நாற்பது வருஷம் கிடந்ததாம். ஊற்றி வைத்தவர் பல சமயம் திறந்து பார்க்க இருக்க மாட்டார், மகனோ பேரனோதான் திறப்பான். வருஷா வருஷம் மரத்தின் வழியாகக் கொஞ்சம் காற்றில் போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்று விட்டுவிடுவார்களாம். அவ்வளவு பொறுமையான ஆள் என் பிறந்த வீட்டில் ஒருவர்கூடக் கிடையாது.

மாப்பிள்ளை மாதம் ஒரு தடவை ஒரு மூடி அளவு ஊற்றி, அரை மணி நேரம் முகர்ந்துகொண்டே இருப்பார்.

ஜனவரிக் குளிரில் என் வலது முழங்கால் மடங்க மறுத்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த தைலம் தீர்ந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் பிராந்திதான் தடவுவோம். இரண்டு பேரும் ஆபீஸ் போனதும் அலமாரியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, கால் மடங்கியது. இரண்டு வாரம் தினமும் தேய்த்தேன். இடது காலில் வலி இல்லை. இருந்தாலும் அது ஏங்கக் கூடாதென்று அதற்கும் கொஞ்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாதிக்குக் கீழ போயிருக்கு."

"தேவதைங்க வந்திருக்கும்" என்றாள் மகள், துணி மடித்தபடி.

"அதெல்லாம் பீப்பாய்ல இருக்கற வரைக்கும்தான். பாட்டில்ல அடைச்சா அப்படியே இருக்கும். நீ எடுத்தியா?"

"எனக்கு அந்த வாசனையே ஆகாது."

நான் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

"அப்ப வீடு கிளீன் பண்ண வர்ற லேடிதான். இனிமே வர வேண்டாம்னு மெசேஜ் பண்ணிடறேன்" என்று மாப்பிள்ளை போனை எடுத்தார்.

வாரம் ஒரு நாள் வரும் அந்த மெக்சிகோக்காரப் பெண்ணுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. நான் காபி போட்டுக் கொடுப்பேன், அவள் என் நாற்காலியை வெயில் பக்கம் நகர்த்திப் போடுவாள். அவ்வளவுதான் பழக்கம். வாயைத் திறந்தால் குடிக்கிற மாமியார் என்று பெயர் வரும். திறக்காவிட்டால் அவள் வேலை போகும். மாப்பிள்ளையின் கட்டைவிரல் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, அனுப்பாதீங்க. நான்தான் எடுத்தேன்."

மகள் மடித்த துணியை மறுபடி உதறினாள். "அம்மா, நீ குடிச்சியா?"

"சீ. முழங்காலுக்குத் தேய்ச்சேன்."

மாப்பிள்ளை மெல்ல சோபாவில் உட்கார்ந்தார். "தேய்ச்சீங்களா." பாட்டிலை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "குடிச்சிருந்தாக்கூடப் பரவால்லயே அத்தை."

"ஒரு காலுக்கே பாதி பாட்டிலா?" மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ரெண்டுக்கும்தான்" என்றேன். ஒப்புக்கொள்வது என்று ஆனபின் அரைகுறையாக எதற்கு.

மாப்பிள்ளை போனில் அடித்ததை அழித்தார். எழுந்து போய் ஒரு குட்டிக் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"எதைத் தேய்ச்சீங்கன்னாவது தெரிஞ்சுக்கங்க அத்தை. முதல்ல டம்ளரை உள்ளங்கையில வச்சு கதகதப்பாக்கணும். அப்புறம் மூக்குக்கிட்ட கொண்டு போயி, வாயை லேசா திறந்து..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் டம்ளர் காலி. உலர்ந்த திராட்சை, பழைய மரப்பெட்டி, கடைசியில் லேசாக வெல்லப்பாகு. இன்னொரு சொட்டு கேட்கத்தான் கூச்சமாக இருந்தது.